தட்டுக்கு அடியில் ஒரு பொட்டு

பேசாத ஒரு அழைப்பைத் துண்டிக்க விரலை வைத்த கணத்தில்தான் அந்த யோசனை எனக்கு வந்தது.

மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. நான் இத்தாலியரின் ஹலோவான 'ப்ரோந்தோ'வை இரண்டு தரம் சொல்லிவிட்டேன். சரி, யாரோ விளையாடுகிறார்கள் என்று நினைத்தபோது 'டொக்' என்று ஒரு ஒலி. பிறகு நீளமான ஒரு கிறீச். மறுபடி டொக். எனக்கு அந்தச் சத்தம் தெரியும். வெடித்து முடிந்த தோட்டாக் கோதுகளில் மறுபடி வெடிமருந்தும் ஈயக் குண்டும் நிரப்புகிற கைப் பிரெஸ் அது. கைப்பிடி கீழே போய் மேலே வருகிறது. நாலாவது தரம் அந்தக் கிறீச்சுக்குள் இன்னொரு மெல்லிய கீச்சொலியும் இருந்தது.

"உங்கடை பிரெஸ்ஸிலை கீழ் ஆணி தேஞ்சுபோச்சு," என்று இத்தாலியனில் சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. "நான் சொல்லுறது சரியெண்டால் ஒருக்காத் தட்டுங்கோ. பிழையெண்டால் ரெண்டு தரம்."

டொக்.

பயமும் சந்தோஷமும் பாதி பாதி. வாடிக்கையாளரிடம் எதற்கு இத்தனை கேள்வி கேட்கிறோம், மாதிரி எண் என்ன, எந்த வருடம் வாங்கினீர்கள் என்று? போனை இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொன்னால் அது தானே சொல்லிவிடுமே! அன்று மாலையே அந்தச் சத்தங்களைப் பதிவுசெய்து சேர்க்க ஆரம்பித்தேன். இறுகிய கைப்பிடி, தளர்ந்த அச்சு, உடைந்த வில் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியல் படிக்கிறேன். மீதி நேரம் பலேர்மோவில் அல்பெர்கேரியாப் பகுதியின் ஓரத்தில் வேட்டைத் துவக்கு விற்கும் ஒரு கடையின் மேல்மாடியில் வேலை. கடைக்குச் சொந்தக்காரி ஒரு இத்தாலியப் பெண்மணி, எல்லாருக்கும் 'சின்யோரா'. ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் பிரெஸ்களுக்கும் தராசுகளுக்கும் சிசிலியில் பழுது பார்க்கிற பொறுப்பு அவரிடம். எனக்கு ஆங்கிலமும் வரும், சந்தைச் சிசிலியனும் வரும், ஸ்க்ரூ ட்ரைவரும் பிடிக்கத் தெரியும் என்பதால் என்னை எடுத்தார். 'பிச்சிரிட்டா' என்றுதான் கூப்பிடுவார். இந்த ஊரில் சின்னப் பெட்டைகளை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அந்தக் கம்பெனியின் ஆயுள் வாரண்டிதான் என்னை மயக்கியது. ரசீது கேட்க மாட்டார்கள். யாரிடம் வாங்கினாய், எத்தனையாவது கை என்று கேட்க மாட்டார்கள். உடைந்ததை அனுப்பினால் புதியது வரும், இலவசமாக. பலேர்மோக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பதுதான் என் வேலையில் பாதி. "சும்மா தாறியளோ? சரி, பிறகு ஆர் வந்து என்ன கேப்பினம்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். ஒருவரும் வரமாட்டார்கள் என்றால் இன்னும் பயப்படுவார்கள்.

அம்மாவுக்கு வேறு கவலை. அவர் மூன்று வீடுகளில் துப்புரவு வேலை செய்கிறார். நான் இந்த வேலையில் சேர்ந்த அன்று, "அங்கை ஊரிலை உந்தத் துவக்குக்குப் பயந்துதானே ஓடி வந்தனாங்கள். நீ இஞ்சை உதுக்கு வாரண்டி குடுக்கிறாய்," என்றார்.

"அம்மா, இது முயலுக்குச் சுடுறது."

"முயலுக்கும் தாய் இருக்கும்."

பேசாத மனிதர் ஒவ்வொரு வியாழக்கிழமையும் காலை பதினொரு மணிக்கு அழைத்தார். ஊருக்கு வெளியே சியாகுல்லியில் மாண்டரின் தோடம்பழத் தோட்டம் வைத்திருக்கும் கிழவர், தொண்டையில் ஆபரேஷன் செய்து குரல் போனவர் என்று பிறகு சின்யோரா சொன்னார். நான் கேட்பேன், அவர் தட்டுவார். பிரெஸ் திருந்திய பிறகும் அழைத்தார். ஒரு நாள், "தராசும் பழுதோ?" என்றேன். டொக்.

மருந்து நிறுக்கிற தராசு பழைய சட்டையின் கை ஒன்றில் சுற்றித் தபாலில் வந்தது. தண்டு சாய்ந்தாடும் கத்திமுனையில் சில்லு உதிர்ந்திருந்தது. கம்பெனி அனுப்பிய புதியதை மாட்டினேன். அனுப்பவேண்டிய நாள், ஆயுத பூசை.

காலையில் அம்மா ஒரு சின்ன டப்பாவை என் பைக்குள் திணித்தார். உள்ளே குழைத்த சந்தனம், ஒரு மடிப்புக் கடதாசியில் குங்குமம். "உன்ரை வேலைச் சாமான் எல்லாத்துக்கும் பொட்டு வை. ஒண்டையும் விடாதை."

"அம்மா, அது துவக்குக் கடை."

"அதுக்குத்தான் சொல்லுறன்."

துவக்குகளை நான் தொடவில்லை. ஆனால் என் மேசையில் இருந்த எல்லாவற்றுக்கும் வைத்தேன். கணினிக்கு, திருகாணிகளின் பெட்டிக்கு, மேசை விளக்குக்கு, கிழவரின் தராசுக்கும். அது இன்னொருவருடைய சாமான் என்பது ஞாபகம் இருந்தது. வெளியில் தெரிந்தால் அவர் என்ன நினைப்பாரோ என்று, மருந்து கொட்டுகிற தட்டைத் தூக்கி அதன் அடியில் வைத்தேன். பெரிதாகவே வைத்தேன், ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம். பிறகு தராசின் பூச்சியத்தைச் சரிபார்த்து, அந்தத் திருகின் மேல் ஒரு துளி அரக்கு விட்டு மூடினேன். கூடவே ஒரு கடதாசித் துண்டு: 'பூச்சியம் கடையில் சரிசெய்யப்பட்டது. திருகைத் தொடவேண்டாம்.' அதன் கீழ் என் கையெழுத்து. எனக்கு அந்தத் துண்டில் அவ்வளவு பெருமை.

அடுத்த வியாழன் பதினொரு மணிக்குப் போன் அடிக்கவில்லை.

அதற்கு அடுத்த நாள், வெள்ளிக்கிழமை, மேசை விளக்கைத் திருப்பினேன். அதிலிருந்த சந்தனம் பொருக்காய் உரிந்து, கீழே இருந்த கடைத் தராசின் தட்டில் விழுந்தது. நகத்தளவு பொருக்குதான். தண்டு மெதுவாக, மிக மெதுவாக, ஒரு பக்கம் சாய்ந்தது. காற்றில்லாத அறையில் அது தானாகத் தலையசைத்தது போல இருந்தது.

ஈரச் சந்தனம் காயும். காய்ந்தால் எடை குறையும். பொருக்கு உதிர்ந்தால் இன்னும் குறையும். தட்டிலிருந்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு மருந்தை அவர் கூடக் கொட்டினால்தான் முள் பூச்சியத்துக்கு வரும். ஒவ்வொரு தோட்டாவிலும். திருகைத் தொடாதே என்று வேறு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

கீழே ஓடிப்போய் சின்யோராவிடம் சொன்னேன். அவர் கணக்குப் பார்க்கவில்லை. "அவரிட்டை இருக்கிறது அப்பன்ரை துவக்கு," என்றார். "குழாய் கடதாசி மாதிரி மெல்லிசு. கூட மருந்து போட்டால் முகத்துக்கை வெடிக்கும். எடு போனை."

அடித்தேன். உடனே எடுக்கப்பட்டது.

டொக்.

"மருந்து நிரப்பாதேங்கோ! தராசு பிழை, என்ரை பிழை!"

டொக். கிறீச். டொக்.

"கேக்குதோ? கேக்குதெண்டால் ஒருக்காத் தட்டுங்கோ!"

டொக். நிம்மதியாக மூச்சு விட்டேன். மறுபடி டொக். மறுபடி. அது பதில் இல்லை. ஒரே இடைவெளியில், அவசரமில்லாமல், ஒன்று முடிய மற்றது. நான் சொல்லிக்கொடுத்தபடியே போனை எடுத்து இயந்திரத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அவர் தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அவருக்குப் பாதிக் காது இல்லை, பிச்சிரிட்டா. போனைக் காதோடை அமத்தினால்தான் கேக்கும்." சின்யோரா ஏற்கெனவே ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பல்லரோச் சந்தையில் மீன் வாங்கிவிட்டு எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த அம்மா வாசலில் நின்றார். நடந்ததைச் சொன்னேன்.

"நான்தானே வைக்கச் சொன்னனான். நானும் வாறன்."

"மீனோடையோ?"

"மீனை என்ன செய்யச் சொல்லுறாய், றோட்டிலை விடவோ?"

காரில் போன் என் மடியில் இருந்தது. நான் அழைப்பைத் துண்டிக்கவில்லை. துண்டித்தால் அந்தச் சத்தம் நின்றதா இல்லையா என்று எனக்குத் தெரியாமல் போய்விடும். எண்ணிக்கொண்டே வந்தேன். பின்னுக்கு இருந்து அம்மா, "உதை நிப்பாட்டு, பிள்ளை. ஆரோ கதவைத் தட்டுற மாதிரிக் கிடக்கு," என்றார். நான் நிறுத்தவில்லை. சியாகுல்லியின் ஒடுங்கிய மதில்களுக்குள் கார் திரும்பியபோது சத்தம் தானே நின்றது. அது தொடர்ந்ததைவிட நின்றதுதான் மோசம்.

இறங்கினோம். மாண்டரின்கள் இன்னும் பச்சை. இலை எது காய் எது என்று தெரியவில்லை. நல்ல வெயில், ஆனால் ஒரு குருவிச் சத்தம் இல்லை. மரங்களுக்கு நடுவில் தகரம் போட்ட ஒரு கொட்டில். அதை நெருங்கும்போது போனில், "சின்யோரே, இருக்கிறீங்களோ?" என்று கூப்பிட்டேன்.

கொட்டிலுக்குள்ளிருந்து என் குரல் அதையே சொன்னது. ஒரு கணம் பிந்தி, சின்னதாக.

அம்மா என் முழங்கையைப் பிடித்தார். "ஆர் அது உன்ரை குரலிலை கதைக்கிறது?"

போனின் ஸ்பீக்கர்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் என் கால் நின்றுவிட்டது. சின்யோராதான் முன்னுக்குப் போய்க் கதவைத் தள்ளினார்.

உள்ளே ஒருவரும் இல்லை. பிரெஸ்ஸின் கைப்பிடி மேலே தூக்கியபடி இருந்தது. அதன் அடியில் ஒளிர்ந்துகொண்டு போன். பக்கத்தில் தராசு. அதற்கு முன்னால் இலையோடு ஒரு மாண்டரின் கொப்பும், எரிகிற சின்ன எண்ணெய் விளக்கும். மருந்து இருக்கிற இடத்தில் விளக்கு! சின்யோரா பாய்ந்து அணைத்தார். நான் தட்டைத் தூக்கித் திருப்பினேன். சந்தனம் முழுக்க உதிர்ந்திருந்தது. சிவப்புக் கறை மட்டும், ஒரு கண் மாதிரி.

"பின்னுக்குப் பார்," என்றார் அம்மா, மிக மெதுவாக.

வாசலில் கிழவர் நின்றார். காலடிச் சத்தமே கேட்கவில்லை. கழுத்தில் வெள்ளைத் துணி. கையில் துவக்கு, மடக்கிய நிலையில், இரண்டு குழாயிலும் தோட்டா. சுடப் போனவர் எங்களைக் கண்டு திரும்பி வந்திருக்கிறார். சின்யோரா கிட்டப் போய் இரண்டு தோட்டாவையும் உருவினார்.

கிழவர் சட்டைப் பையிலிருந்து கொப்பியை எடுத்து எழுதினார்: 'இன்றைக்கு வெள்ளி. நேற்று தோட்டா நிரப்பும் வேலையில் அழைக்க மறந்துவிட்டேன்.'

நான் அவர் காதுக்குக் கிட்ட நின்று, கத்திக் கத்தி, எல்லாவற்றையும் சொன்னேன். பொட்டு வைத்தது, அது காய்ந்தது, அந்தத் துண்டு. அவர் தட்டை வாங்கி அதன் அடியைப் பார்த்தார். பிறகு எழுதினார்: 'உங்கள் கடை ஆசீர்வதித்து அனுப்பியது என்று நினைத்தேன். அதனால்தான் விளக்கு.'

"என்ன எழுதியிருக்கிறார்?" என்றார் அம்மா. சொன்னேன். அம்மா அவரைப் பார்த்துக் கைகூப்பினார். மன்னிப்புக் கேட்க இத்தாலியனில் அவருக்கு வந்தது, "ஸ்கூசி, ஸ்கூசி" மட்டும்தான். மீன் பை கையில் ஆடியது.

கிழவர் சட்டைப் பொத்தானைக் கழற்றித் தோளைக் காட்டினார். கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல். 'மூன்று சுட்டேன். கொஞ்சம் பலமாக உதைத்தது. புதுக் கத்திமுனை, நல்ல தராசு என்று நினைத்தேன்.'

சின்யோரா தன் தலையில் கைவைத்துக்கொண்டார். "நாப்பது வருசம் சுட்ட மனுசன். தோள் சொன்னதைக் கேக்காமல் இந்தப் பிள்ளையின்ரை துண்டைக் கேட்டிருக்கிறார்."

கிழவர் ஒழுங்கான மனிதர். தராசு வந்த நாளிலிருந்து நிரப்பிய ஒவ்வொரு தோட்டாவுக்கும் கொப்பியில் ஒரு கோடு போட்டிருந்தார். புதியவை எல்லாம் ஒரு பிஸ்கட் தகரத்தில், தனியாக. அறுபத்துநான்கு கோடு. தகரத்தில் ஐம்பத்தெட்டு. துவக்கிலிருந்து எடுத்தது இரண்டு. சுட்ட கோது மூன்று, அதையும் எடுத்து வைத்திருந்தார்.

அறுபத்துமூன்று.

ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினோம். சின்யோரா எண்ணினார், நான் எண்ணினேன், கடைசியில் அம்மா தமிழில் சத்தமாக எண்ணினார். அறுபத்துமூன்று. பிரெஸ்ஸுக்குள் பார்த்தோம், மேசைக்குக் கீழ் பார்த்தோம். கிழவர் கொப்பியில் விரலை வைத்து ஒவ்வொரு கோடாகத் தொட்டுப்போனார். ஞாயிற்றுக்கிழமை மருமகன் வேட்டைக்கு வருகிறான் என்று எழுதினார். இந்தக் கொட்டிலிலிருந்து, தோட்டத்திலிருந்து, எங்கே ஒரு தோட்டா கிடந்தாலும் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்வான், சின்ன வயதிலிருந்தே பழக்கம். பழையதும் புதியதும் பார்வைக்கு ஒன்றுதான்.

கிழவர் துவக்கை அலமாரியில் பூட்டித் திறப்பைப் பைக்குள் போட்டார். தகரத்தைச் சின்யோரா எடுத்தார். அவருக்குத்தான் லைசென்ஸ் இருக்கிறது. என்னால் அதைத் தொடமுடியாது. தராசை நான் எடுத்தேன். கம்பெனியின் படிவத்தில் 'பழுதுக்கான காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. காரில் இருந்தே நிரப்பினேன். 'பழுது பார்த்தவரின் பிழை' என்று எழுதி, ஏன் என்றும் எழுதினேன். சந்தனத்துக்கு அவர்களுடைய பாஷையில் சொல் இருந்தது; பொட்டுக்கு இல்லை.

திரும்பும் வழியில் அம்மா, "நாளைக்கு எனக்கு வேலை இல்லை," என்றார். "ஆம்பிளையள் சாமானை எங்கை விடுவினம் எண்டு எனக்குத் தெரியும். கோட்டுப் பை, கட்டிலுக்கு அடி, சப்பாத்துக்குள்ளை. வீட்டை நான் பாக்கிறன்."

தோட்டத்தை நான் பார்க்கிறேன் என்றேன். அந்தத் தோட்டாக்களின் அடி பித்தளை மாதிரித் தெரிந்தாலும் உள்ளே இரும்பு. எங்கள் ஆய்வுகூடத்தில் ஒரு பெரிய காந்தம் இருக்கிறது. இன்று மாலையே கேட்டு வாங்கி, கூட்டுகிற தும்புத்தடி ஒன்றின் நுனியில் கட்டியாகிவிட்டது. நாளை சனிக்கிழமை. புல்லில் ஈரம் காய்ந்ததும் கொட்டில் வாசலில் தொடங்கி, ஒவ்வொரு மரவரிசையாக, தரையோடு தரையாக அதை இழுத்துக்கொண்டு போகப்போகிறேன்.