முக்கில் நிற்க ஆளில்லாத வீடு

அக்காவுக்கு ஒரு வரைபடம் தேவைப்பட்டது; எனக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. கோட்டாறில் எங்கள் வீட்டு மாடியில் உட்கார்ந்து எங்கோ இருக்கும் கம்பெனிக்கு மென்பொருள் எழுதுகிறவள் நான். புதிதாக எதையாவது செய்து பார்க்க அங்கே விடமாட்டார்கள். அக்கா நர்ஸ். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு சிறிய அமைப்பின் வேனில் கருங்கல், புதுக்கடைப் பக்கமெல்லாம் சுற்றுகிறாள்.

அந்தப் பக்கம் தெருப் பெயரும் கதவு எண்ணும் பேருக்குத்தான். விளையின், அதாவது தோப்பை ஒட்டிய குடியிருப்பின், பெயரைச் சொன்னால்தான் வீடு கிடைக்கும். கருங்கல்லை ஒட்டி ஒரு பலாவிளை இருந்தால், புதுக்கடைக்கு இந்தப் பக்கம் இன்னொரு பலாவிளை இருக்கும். போனில் இருக்கிற பொது மேப் கொஞ்சமும் கூச்சமில்லாமல் தப்பான பலாவிளையில் கொண்டு விட்டுவிடும். அதனால் யார் வந்தாலும் வீட்டு ஆள் ஒருவர் ரோட்டு முக்குக்கு வந்து நின்று கூட்டிக்கொண்டு போவது வழக்கம். கல்யாணம் சொல்ல வருகிறவர்களுக்கும் அப்படித்தான், வேனுக்கும் அப்படித்தான்.

கருங்கல் பக்கத்துப் பலாவிளையில் ஒரு வீட்டில் மட்டும் அந்த வழக்கம் பெரும்பாடாக இருந்தது. கணவனும் மனைவியும் தனியே இருந்தார்கள். பிள்ளைகள் கல்ஃபில். அவருக்கு எலும்புவரை பரவிவிட்ட புற்றுநோய். தானாகப் புரண்டு படுக்கக்கூட முடியாது. வேன் வரும் நாளில் அந்த அம்மா வெளியே பூட்டிவிட்டு, ரப்பர் தோட்டத்தைத் தாண்டி வந்து முக்கில் நிற்பார். உள்ளே சிக்னல் கிடையாது என்பதால் போன் பண்ணி வழி கேட்கவும் முடியாது. வேனில் டிரைவரும் நர்ஸும் மாறி மாறி வருவார்கள். ரப்பர் தோட்டத்துக்குள் எல்லா வழியும் ஒரே வழியாகத்தான் தெரியும்.

"மழையோ வெயிலோ, அந்த அம்மா வந்து நிக்காவ பாத்துக்க. நாங்க எப்ப வருவோம்னு எங்களுக்கே தெரியாது," என்றாள் அக்கா. "அவங்க முக்குக்கு வராம நாங்களே போய்ச் சேரணும். அதுக்கு ஒரு மேப்பு செஞ்சு தா."

கரும்பு தின்னக் கூலியா? கோடுகளையும் புள்ளிகளையும் தரவாக அனுப்பி, போனின் கிராஃபிக்ஸ் சிப்பையே படம் வரைய வைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தேன். விரலால் இழுத்தால் வழுக்கிக்கொண்டு போகும். சாய்க்கலாம், சுழற்றலாம். முன்கூட்டியே வரைந்து வைத்த சதுரப் படத்துண்டுகளை அடுக்கிக் காட்டும் பழைய முறையும் உண்டு; அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. என் லேப்டாப்பில் வரைபடம் பறந்தது. வேலை முடிந்த பிறகும் நானே அதைச் சுழற்றிச் சுழற்றி ரசித்துக்கொண்டிருந்தேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு.

அடுத்த முறை பலாவிளை போய்விட்டு வந்த அக்கா, வேனில் வைத்திருக்கும் போனை என் மேஜையில் வைத்தாள். யாரோ தானமாகக் கொடுத்த பழைய போன்.

"ஏட்டி, இது மேப்பா, வெள்ளையடிச்ச சொவரா? ரப்பர் காட்டுக்குள்ள நின்னு நின்னு பாத்தோம். ஒண்ணும் வரல. போன் சுட்ட சூட்டுக்கு தோசை ஊத்தியிருக்கலாம்."

"அப்ப போன மாத்துங்க."

"போன மாத்த வழி இருந்தா உங்கிட்ட எதுக்கு வாறேன்? ஒம் மேப்பு நல்லா சுத்துதுதான். எனக்குச் சுத்தாண்டாம். தொறந்தா போதும்."

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அன்றைக்குச் சாப்பிடும்போது மீன்குழம்பை அவள் பக்கம் நகர்த்தவே இல்லை. அவள் எழுந்து வந்து தானே ஊற்றிக்கொண்டு, "அந்த அம்மா இன்னைக்கும் முக்குலதான் நின்னாவ," என்றாள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்தப் பழைய போனையே நீதிபதியாக வைத்துக்கொண்டு மறுபடி தொடங்கினேன். வழுக்கலும் சுழலும் போயின. நான் ஏறெடுத்துப் பார்க்காத சதுரத் துண்டுகளே வந்தன. மாவட்டம் முழுவதும் வேண்டாம், வேன் போகிற ஊர்கள் மட்டும் போதும். காலையில் வேன் புறப்படும் முன் அமைப்பின் அலுவலக வைஃபையில் அத்தனை துண்டுகளையும் பிரௌசரே போனுக்குள் சேமித்துக்கொள்ளும்; பிறகு சிக்னல் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. நாம் நிற்கிற இடத்தைக் காட்டும் நீலப் புள்ளிக்கும் சிக்னல் தேவையில்லை. பார்ப்பதற்கு மிகச் சாதாரணமாக இருந்தது. சும்மா சொல்லக்கூடாது, எனக்குக் கசந்தது. ஆனால் தொட்டதும் திறந்தது.

அடுத்த முறை நானும் வேனில் ஏறினேன். முக்குக்கு வர வேண்டாம் என்று அக்கா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தாள். அந்த அம்மா நம்பியிருப்பாரா என்று எனக்குச் சந்தேகம். ஆனால் முக்கில் யாரும் இல்லை. வேன் ரப்பருக்குள் நுழைந்து, வழி பிரியும் இடத்தில் நின்றது. அக்கா போனைத் தொட்டாள். படம் வந்தது, நீலப் புள்ளி வந்தது. "வலத்த திருப்புங்க," என்றாள் டிரைவரிடம்.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. அவர் கட்டிலில் படுத்திருந்தார். அந்த அம்மா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"நோவு எப்பிடி இருக்குப்பா?" என்று அக்கா கேட்டாள்.

அவர் கதவுப் பக்கம் பார்த்தார். "இன்னைக்குக் கதவு பூட்டுத சத்தம் கேக்கல்ல, மக்களே," என்றார்.

முக்கில் வெயிலில் நிற்கிற அந்த அம்மாவைப் பற்றித்தான் நாங்கள் இருவரும் இத்தனை நாளும் பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அக்கா மருந்துப் பெட்டியைத் திறக்கத் தெரியாதவள்போல அதன் கொக்கியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அந்த அம்மா எங்களுக்குச் சாயா போட எழுந்தார். அந்த அம்மாவின் கையைப் பிடித்திருந்த கணவர் விடவில்லை.

"சாயா பொறவு போடலாம்," என்றார். "நீ இரி."