மெட்டி போட்ட ராஜா

இங்கிலாந்து ராஜா ஒருவர் மேல் எனக்குத் தீராத கோபம் உண்டு. தேசபக்தியால் வந்த கோபம் என்று யாரும் என்னை மெச்சிவிட வேண்டாம். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போன பிறகுதான் நான் பிறந்தேன். என்னுடையது குடும்பக் கோபம். அந்த மனிதர் எங்கள் வீட்டுச் சுவரில் பல வருஷம் சொகுசாகத் தொங்கிவிட்டு, கடைசியில் என் அம்மாவை மறைத்துக்கொண்டு நின்றார். அவரை அப்படி நிறுத்திவைத்தவர் மேல் இருக்கிற கோபம் இன்னும் பெரிது. அதையும் சொல்லத்தான் போகிறேன்.

திண்டுக்கல்லில், சாயங்காலமானால் மலைக்கோட்டையின் நிழல் வந்து விழுகிற தெருவில் எங்கள் வீடு. அப்பா யுத்தகாலத்தில் பட்டாளத்தில் இருந்தவர். திரும்பி வந்து பூட்டுப் பட்டறை ஒன்றில் மேஸ்திரியாக இருந்தார். சிறுமலையில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு துரை பங்களாவைக் காலி செய்துகொண்டு சீமைக்குப் போனபோது, வேண்டாம் என்று மூன்று படங்களை விட்டுவிட்டுப் போனாராம். துரைக்கே வேண்டாத அந்தப் படங்களை அப்பா மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, குழந்தையைக் கொண்டுவருவதுபோல் வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

நடுவில் ராஜா. தாடி, நெஞ்சு கொள்ளாத பதக்கங்கள், இடுப்பில் வாள். ஆளுயரப் படம் என்று சொல்ல முடியாது, முழங்காலோடு முடிந்துவிடும். இடது பக்கம் ராணி. கழுத்தில் அடுக்கடுக்காக முத்துமாலை, முகத்தில் ஊசிப்போன சாம்பாரை மோந்து பார்த்த பாவனை. வலது பக்கம் ஒரு தளபதி. அவருடைய மீசைக்கும் பதக்கங்களுக்கும் இடையில் முகத்துக்குக் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். எந்த ராஜா, எந்த ராணி என்று அப்பாவுக்கே சரியாகத் தெரியாது என்பது என் சந்தேகம். கேட்டால், "நம்ம ராஜா" என்பார். சுதந்திரம் வந்து இத்தனை வருஷமாகிறதே என்று யாராவது இழுத்தால், இழுத்தவருக்கு அன்று எங்கள் வீட்டில் காப்பி கிடையாது.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மா துணியில் திருநீறு தொட்டு அந்த மூன்று கண்ணாடிகளையும் பளபளவென்று துடைப்பாள். எங்கள் முருகன் சமையலறை மாடத்தில் அடுப்புப் புகையில் கறுத்துக்கொண்டிருந்தார். முன்னறையில் அவருக்கு இடமில்லை. அம்மா முதலில் ராஜாவைத் துடைத்துவிட்டு, மிச்சத் திருநீறு இருந்தால் முருகனைத் துடைப்பாள். அப்பாவின் உத்தரவு அந்த வரிசை.

எனக்கு எட்டோ ஒன்பதோ வயது இருக்கும்போது அப்பாவுக்குத் தன் பதக்கங்களைக் குத்திக்கொண்டு ராஜாவோடு போட்டோ எடுத்துக்கொள்ள ஆசை வந்தது. ஸ்டூடியோவுக்கு வரச் சொன்னார்கள். ராஜாவை வண்டியில் தூக்கிப்போட்டுக்கொண்டு போவதா என்று அப்பாவுக்கு ரோஷம். போட்டோக்காரரை வீட்டுக்கு வரவழைத்தார்.

அன்று அம்மா விடிவதற்கு முன்பே குளித்துவிட்டாள். டிரங்குப் பெட்டியைத் திறந்து அரக்குச் சுங்குடிச் சேலையை எடுத்தாள். எரியோட்டில் இருந்த மாமா, அம்மாவின் தம்பி, பொங்கல் சீருக்குச் சின்னாளப்பட்டியில் வாங்கிக்கொண்டு வந்த சேலை அது. மடிப்புக் கலையாமல் கிடந்தது. கட்டிக்கொண்டு, தலையில் கனகாம்பரம் வைத்துக்கொண்டு, என்னைக் கூப்பிட்டாள்.

"கொசுவம் நேரா இருக்கானு பாரு தாயி."

"எங்கம்மா போற?"

"எங்கயும் போகல. இங்கனதான்."

நான் மண்டி போட்டு உட்கார்ந்து கொசுவத்தை இழுத்துவிட்டேன். வெளியாள் வருகிறார், அதற்காகக் கட்டியிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

போட்டோக்காரர் சைக்கிளில் வந்தார். முக்காலியும் கறுப்புத் துணியும் கொண்டுவந்திருந்தார். முன்னறையைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினார். வெளிச்சம் பற்றாது, கொல்லைக்கு வாருங்கள் என்றார். ராஜாவைக் கழற்றிக் கொல்லைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே மண்சுவர். ஆணி அடித்ததும் ஒரு கட்டி மண்ணோடு கையில் வந்தது. வேறு இடத்தில் அடித்தார்கள், அதுவும் வந்தது. நாற்காலியில் சாய்த்துவைத்தால் ராஜா அப்பாவின் இடுப்புக்குத்தான் வந்தார். அப்பா சம்மதிக்கவில்லை. இரண்டு பேரும் சமமாக, பக்கத்தில் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அப்போது அம்மா வந்து கதவருகில் நின்றாள். "நான் எங்கிட்டு நிக்கட்டும்?" என்று கேட்டாள்.

"இந்தா, சரியான நேரத்துக்கு வந்த. பின்னால நின்னு இதத் தூக்கிப் பிடி" என்றார் அப்பா.

போட்டோக்காரர் நல்ல மனிதர். சேலையையும் பூவையும் பார்த்துவிட்டு, "அக்காவையும் சேத்து ஒண்ணு எடுத்துருவோமாண்ணே?" என்று கேட்டார்.

"பொம்பளைகளப் போட்டோ எடுத்தா ஆயுசு கொறையும்ப்பா" என்று அப்பா முடித்துவிட்டார்.

தேக்குச் சட்டம், அதில் கனத்த கண்ணாடி. அம்மா அதை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண்ணாடி மினுங்குகிறது, கொஞ்சம் சாய்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள் என்றார் போட்டோக்காரர். அப்பா ஒவ்வொரு பதக்கமாகத் திருப்பிச் சரி செய்துகொண்டார். பிறகு மீசை. பிறகு மறுபடியும் பதக்கம். நான் அம்மாவுக்குப் பின்பக்கம் ஓரமாக, துவைக்கிற கல்மேல் உட்கார்ந்திருந்தேன். அவள் முழங்கை நடுங்கியது. படத்தின் பின்பலகை அவள் மூக்குக்கு முன்னால் இருந்தது. துணிக்குள்ளிருந்து போட்டோக்காரர், "ரெடி, அசையாதீங்க" என்றார். அம்மா தோளை நிமிர்த்தி, தலையைக் கொஞ்சம் தூக்கி, அந்தப் பலகையைப் பார்த்துச் சிரித்தாள். நான் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தேன். அங்கே சிரிக்கிற மாதிரி ஒன்றும் இல்லை.

போட்டோ வந்த அன்று அப்பா குதித்த குதியை இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது. அவர் நன்றாகத்தான் விழுந்திருந்தார், ராஜாவும் நன்றாகத்தான் விழுந்திருந்தார். ஆனால் முழங்காலோடு முடிகிற ராஜாவுக்குக் கீழே சேலை தொடங்கியது. அதற்குக் கீழே மெட்டி போட்ட இரண்டு கால்கள். பக்கத்து வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டு, "என்ன உங்க ராஜா சேல கட்டியிருக்காரு" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா போட்டோவை எடுத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார். அவர்கள் கீழ்ப்பாதியை அட்டை வைத்து மறைத்துச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். கால் போயிற்று. சட்டத்தின் இரண்டு ஓரத்திலும் பிடித்திருந்த விரல்களை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை.

அந்த ஐப்பசி மழையில் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவதற்குள் ஜன்னி வந்துவிட்டது. அரக்குச் சுங்குடியைக் கட்டித்தான் அவளைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

கருமாதிக்கு மாமா எரியோட்டிலிருந்து மாலையோடு வந்தார். படையல் போட்டாயிற்று, விளக்கு ஏற்றியாயிற்று. "அக்கா படம் எங்க?" என்று கேட்டார். அவர் முன்னறைச் சுவரைப் பார்த்தார். ராஜா, ராணி, தளபதி, பக்கத்தில் புதிதாக அப்பாவும் ராஜாவும் நிற்கிற போட்டோ.

"படம் இல்லாட்டி என்ன, அவ சேல ஒண்ண மடிச்சு வச்சுக் கும்பிடுவோம்" என்றாள் அத்தை, அப்பாவின் அக்கா.

நான் மாமாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அந்தப் போட்டோவுல அம்மா இருக்கு மாமா. கீழ அட்டைக்குள்ள கால் இருக்கு" என்றேன்.

மாமா கையை நீட்டியதும் அத்தை குறுக்கே விழுந்தாள். "அதத் தொடாதப்பா. அதுதான் அவள முழுங்குச்சு. விரலு விழுந்துருச்சுல்ல. அன்னைக்கே எனக்குப் பகீர்னுச்சு. மொதல்ல அதக் கெணத்துல போடச் சொல்லு" என்று அழுதாள். சும்மா சொல்லக் கூடாது, நெஞ்சாரத்தான் அழுதாள். கூடியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "பெரியவுக சொல்றதும் வாஸ்தவந்தான் மாப்ள" என்றார்.

அம்மாவின் மிச்சமாக வீட்டில் இருந்ததே அந்த விரல்களும் கால்களும்தான். அதையும் கிணற்றில் போடுவதற்கு ஆள் சேர்ந்துவிட்டது.

மாமா சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்றும் போடவில்லை. "மச்சான், தலையிலருந்து கால் வரைக்கும் நீங்கதான விழுந்தீக. குத்துக்கல்லாட்டம் இருக்கீக. விரலு விழுந்தவ மட்டும் போயிட்டாளா?" என்றார். மாமா ராணியைக் காட்டினார். "இந்தம்மா பொம்பளை இல்லையா? இவுகளப் படமா எழுதி மாட்டினப்ப ஆயுசு கொறையலையா? எங்கக்காவுக்கு மட்டுந்தானா அந்தச் சட்டம்?"

பதிலுக்கு நிற்காமல் போட்டோவைக் கழற்றினார். அரிவாள்மனை முனையால் சட்டத்தின் பின்னால் இருந்த ஆணிகளை நெம்பினார். அப்போதுதான் அப்பா வாயைத் திறந்தார். "பாத்து மாப்ள. ராஜா மேல கீறல் விழுந்துறாம எடு."

பெண்டாட்டி செத்துப் பதினாறாம் நாள் ஒரு மனிதர் பேசின பேச்சு அது. மாமா அவரை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார். அட்டையை உருவியதும் அம்மாவின் கால்கள் வெளியே வந்தன. அத்தை அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். மாமா போட்டோவில் அப்பா நின்ற பக்கத்தை நேராகப் பின்னுக்கு மடித்தார். மடிப்பின்மேல் நகத்தை வைத்து ஓர் இழுப்பு இழுத்தார். அப்பா தன்னை மடிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

படத்துக்குப் பொட்டு வைக்க நெற்றி இல்லை. மாமா சந்தனத்தையும் குங்குமத்தையும் குழைத்து அந்த இரண்டு கால்களிலும் வைத்தார். மாலையைப் போட்டபோது அது ராஜாவின் கழுத்தில்தான் விழுந்தது, வேறு வழியில்லை. ஊரே வந்து இங்கிலாந்து ராஜாவை விழுந்து கும்பிட்டுவிட்டு வடை பாயசத்தோடு சாப்பிட்டுப் போனது.

அடுத்த வெள்ளிக்கிழமை துடைக்கிற துணி என் கைக்கு வந்தது. நான் முருகனைத் துடைத்தேன். போனால் போகிறதென்று ராணியையும் தளபதியையும் துடைத்தேன். ராஜாவை விட்டுவிட்டேன். வாரா வாரம் விட்டேன். தாடியும் பதக்கமும் தூசியில் மங்கிக்கொண்டு வந்தன. அப்பா பார்ப்பார், என்னைப் பார்ப்பார், ஒன்றும் சொல்லமாட்டார். சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியும்.

மாமா மடித்த அந்தப் போட்டோ இப்போதும் என்னிடம் இருக்கிறது. மடிப்பு விட்டுப்போய் அப்பா தனியாகக் கழன்றுவிட்டார். அவரை ஒட்டவைக்க எனக்கு மனசு வரவில்லை.

என் கல்யாணத்துக்கும் போட்டோக்காரரை அழைத்திருந்தார்கள். இந்தத் தடவை பெண்ணை எடுத்தால் ஆயுசு குறையும் என்று யாரும் சொல்லவில்லை. சேலைக் கொசுவத்தை யாரோ குனிந்து இழுத்துவிட்டார்கள். மாப்பிள்ளை பக்கத்தில் நின்றேன். ஒருபுறம் அப்பா, பதக்கங்களோடு. "ரெடி, அசையாதீங்க" என்றது கறுப்புத் துணி. நான் தோளை நிமிர்த்தினேன், தலையைக் கொஞ்சம் தூக்கினேன், சிரிக்க வாயைத் திறந்தேன். அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது.

அன்றைக்குத் துவைக்கிற கல்மேல் உட்கார்ந்து பார்த்தேனே, என் அம்மா போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள். அதற்குத்தான் விடியுமுன் குளித்தாள், அதற்குத்தான் புதுச்சேலை கட்டினாள், எங்கிட்டு நிற்கட்டும் என்று கேட்டாள். நிறுத்திய இடத்தில் நின்று, முகத்துக்கு முன்னால் பலகை இருந்தும், சிரித்தாள்.

என் கல்யாணப் போட்டோவில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் மட்டும் கேமராவைப் பார்க்காமல் திரும்பி அப்பாவை முறைத்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணப்பெண்ணுக்கு என்ன கோபம் என்று பார்க்கிறவர்கள் கேட்கிறார்கள். அப்பாவும் கேட்டார்.