பீப்பாய்க்காரன் பிந்தோவின் லத்தீன்

அந்தக் காலத்து இத்தாலியில், பிராத்தோ நகரத்தில் பிள்ளைகளுக்கு லத்தீன் இரண்டு தவணையாகத்தான் கிடைக்கும். முதல் தவணை வெறும் ஓசை. நல்லொழுக்கம் சொல்லும் ஈரடிப் பாட்டுகள் நூற்று நாற்பது. அத்தனையையும் ஒரு சொல்லுக்கும் பொருள் தெரியாமல் கத்திக் கத்தி மனப்பாடம் செய்யவேண்டும். அடுத்த வருடம் வாத்தியார் அதே பாட்டுகளைத் திரும்ப எடுத்துப் பொருள் சொல்லுவார். முதல் தவணையில் பிந்தோதான் வகுப்பில் முதல். இரண்டாம் தவணை தொடங்கிய வாரம் அப்பாவுக்குத் தோளெலும்பு முறிந்தது, அவருடைய பீப்பாய்ப் பட்டறைக்கு ஒரு ஜோடிக் கை தேவைப்பட்டது. பள்ளிக்கூடம் அதோடு முடிந்தது. பாட்டுகள் மட்டும் ஒன்று விடாமல் அவனிடம் தங்கிவிட்டன.

பலகைகளை வளைத்து நிறுத்தி, இரும்பு வளையத்தைச் சுற்றிச் சுற்றி அடித்து இறக்கும்போது அவற்றைத்தான் பாடுவான். சுத்தியலுக்கு அந்தச் சந்தம் அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தும். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டு போவார்கள்.

ஒருமுறை பக்கத்துத் தெருக் கல்யாணத்தில் பாதிரியார் வர நேரமானது. "பிந்தோ, நீதான் ரெண்டு நல்ல வார்த்தை சொல்லேன்" என்று யாரோ முன்னே தள்ளிவிட்டார்கள். தனக்குத் தெரிந்ததிலேயே இனிமையாக ஒலித்த பாட்டை எடுத்துவிட்டான். பெண்ணின் அம்மா சால்வை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதன்பிறகு அவன் வாய்திறக்காமல் அந்த வட்டாரத்தில் ஒரு கல்யாணம் நடக்கவில்லை. காய்ச்சலில் கிடப்பவர்களுக்கு ஒரு பாட்டு, அடித்துக்கொள்பவர்களுக்கு ஒரு பாட்டு என்று பழக்கமாகிவிட்டது. அர்த்தம் என்ன என்று யாரும் கேட்டதில்லை. கேட்டால் கேட்டவனுக்கு லத்தீன் தெரியாது என்பது வெளிப்பட்டுவிடுமே! பிந்தோவும் யாரையும் ஏமாற்றுவதாக நினைக்கவில்லை. இவ்வளவு இனிமையாக ஒலிப்பது கெட்டதையா சொல்லிவிடப் போகிறது?

முப்பத்தாறாம் வயதில் அவன் வாழ்க்கையில் லாப்பா வந்தாள். நகரசபை அரெட்ஸோவிலிருந்து புதிதாக வரவழைத்த கீனோ வாத்தியாரின் மகள், கணவனை இழந்தவள். பள்ளிக்கூடம் எப்போதும் அவர்கள் வீட்டிலேயே நடந்ததால், அவரைக்காய் உரித்துக்கொண்டே இருபது வருடம் இரண்டாம் தவணையைக் கேட்டு வளர்ந்தவள். பிந்தோ ஒரு கல்யாணத்தில் தன் வழக்கமான பாட்டைச் சொன்னபோது பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைக்க, ஒருத்தி மட்டும் சால்வையை வாயில் திணித்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தண்ணீர் கொண்டுபோனான். அவள் சிரித்துச் சிரித்து விக்கிக்கொண்டிருந்தாள்.

அதற்கப்புறம் மூன்று வாரம் அவன் செய்த பீப்பாய் எல்லாம் ஒழுகியது.

லாப்பாவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. வாத்தியாருக்குத்தான் பீப்பாய்க்காரன் மருமகனா என்று மனம் இறங்கவில்லை. ஊரே அவனைப் படிப்பாளி என்று சொன்னதால் ஒரு வழி விட்டார்: "ஞாயித்துக்கிழமை சாப்பிட வரட்டும். ஒரு பாட்டு கேப்பேன். பொருள் சொன்னா பொண்ணு. இல்லேன்னா சூப்பைக் குடிச்சிட்டு வீட்டுக்குப் போகட்டும்."

மறுநாள் காலை பிந்தோ கிணற்றடிக்கு ஓடினான்.

"லாப்பா, ஒண்ணு சொல்லணும். சிரிக்கக் கூடாது."

"மாட்டேன், சொல்லுங்க."

"எனக்கு ஒரு பாட்டுக்கும் அர்த்தம் தெரியாது."

லாப்பா குடத்தைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியுமே! கல்யாணத்துல நீங்க சொன்னது சாவுக்குப் பயப்படறவனைப் பத்தின பாட்டு."

"ஐயையோ! இருபத்துமூணு கல்யாணத்துல சொல்லியிருக்கேனே!"

"ஜோடிங்கள்லாம் நல்லா இருக்காங்களா?"

"நல்லாத்தான் இருக்காங்க. ஒரு வீட்டுல எட்டுப் புள்ளைங்க."

"அப்புறம் என்ன?"

"காய்ச்சல்காரங்களுக்கு ஒண்ணு சொல்லுவேன்..." அவன் மெதுவாகச் சொல்லிக் காட்டினான்.

"அது பகடை ஆடறதைப் பத்தி."

பிந்தோ கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டான். "நாலு நாள் இருக்கு. நீ சொல்லிக் குடு."

"நூத்தி நாப்பதையுமா? ஒண்ணு விட்டுப்போனா அப்பா அதைத்தான் கேப்பாரு. தெரியாதுன்னு நேராச் சொல்லிடுங்க."

"சொன்னா உன்னைத் தரமாட்டாரே."

"பொய் சொல்லி மாட்டிக்கிட்டீங்கன்னா நானே வரமாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மூவரும் மேசைக்கு வந்தார்கள். அவரைச் சூப்பில் ஆவி பறந்தது. வாத்தியார் ஒரு பாட்டின் முதல் வரியைச் சொன்னார். பிந்தோ இரண்டாம் வரியை மணிபோல் முடித்தான்.

"பேஷ். பொருள்?"

பிந்தோ லாப்பாவைப் பார்த்தான். அவள் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியாதுங்க, வாத்தியாரே."

"இதுக்கு மட்டுமா?"

"எதுக்குமே."

கரண்டி மேசையில் விழுந்தது. "ஊரையே முட்டாளாக்கியிருக்கியேப்பா!"

பிந்தோ எழுந்து தொப்பியை எடுத்தான். அந்த நேரம் பார்த்துக் கதவு இடிபட்டது. நெரியும் துச்சோவும், அவன் தெருவில் சுவருக்குச் சுவர் வீட்டுக்காரர்கள், சட்டை கிழிந்து நின்றார்கள்.

"பிந்தோ அண்ணே, என் மரத்து அத்திப்பழத்தை இவன் திருடறான்!" என்றான் துச்சோ.

"அது என் பக்கம் சாயுது அண்ணே! நிழலும் எனக்கு, பழமும் எனக்கு!"

"இன்னிக்கு வேணாம்யா, போங்க."

"நீங்க சொல்லாம நகர மாட்டோம்."

இனி கெடுவதற்கு என்ன இருக்கிறது? பிந்தோ கண்ணை மூடி, அடிவயிற்றிலிருந்து ஒரு பாட்டை எடுத்துவிட்டான்.

"கேட்டியா நெரி? மண்டையில ஏறிச்சா?"

"எனக்கா? உனக்குத்தான்டா சொன்னாரு!"

"சரி, ரெண்டு பேருக்குமாவே வச்சுக்க. பாதிப் பழம் நீ பறிச்சுக்க."

போகும்போது நெரி துச்சோவின் கிழிந்த சட்டையை இழுத்துச் சரிசெய்துவிட்டான்.

வாத்தியார் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "அது அளவுக்கு மேல தூங்கறவனைப் பத்தின பாட்டு" என்றார்.

"அப்படிங்களா?"

"முப்பது வருஷமா பொருள் சொல்றேன். கேட்ட எவனாவது திருந்தினானா, லாப்பா?"

"இல்லப்பா. ஒருத்தன் உங்க குளிர்த் தொப்பியையே தூக்கிட்டுப் போனான்."

"பொருள் கேட்டா அத்தனை பேரும் எதையாவது அளப்பானுங்க. தெரியாதுன்னு எங்கிட்ட சொன்ன முதல் ஆளு இவன்தான்." அவர் கரண்டியை எடுத்துக்கொண்டார். "தொப்பியை வச்சிட்டு உக்காருப்பா. சூப்பு ஆறுது."

திராட்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. தான் சொல்வது தனக்கே புரியாத ஆளோடு குடித்தனம் நடத்த முடியாது என்று சொல்லி, ஞாயிறுதோறும் ஒரு பாட்டுக்குப் பொருள் சொல்லிக்கொடுத்தாள் லாப்பா. மூன்று வருடத்தில் நூற்று நாற்பதும் முடிந்தன.

அதிலிருந்துதான் பிந்தோவுக்குத் திண்டாட்டம். சண்டைக்காரர்கள் வந்து நின்றால் முன்போல் சட்டென்று ஒன்றை எடுத்துவிட முடிவதில்லை. இது கோபத்துக்கான பாட்டா, பேராசைக்கானதா, இல்லை இரண்டும் கலந்ததா என்று சுத்தியலைத் தாடையில் வைத்துக்கொண்டு யோசிப்பான். வந்தவர்கள் கால்மாற்றிக் கால்மாற்றி நிற்பார்கள். பசிக்கும். ஒருவன் இன்னொருவனிடம், உன் வீட்டில் இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பான். பொருத்தமான பாட்டு பிந்தோவுக்குக் கிடைக்கும்போது பட்டறையில் யாரும் இருக்கமாட்டார்கள்.

அவன் விட்டுவிடுவானா? சுத்தியலும் கையுமாகத் தெருமுனைவரை துரத்திக்கொண்டு ஓடி, பாட்டைப் பொருளோடு சொல்லிவிட்டுத்தான் திரும்பி வருவான்.