ரிக்கார்டருக்கு எங்கே மைக் வைப்பது

நான் மைக்செட் போடுகிறவன். ஐந்தாம் வகுப்போடு சரி. நாலு பேர் முன்னால் எனக்கு நா எழாது.

என் மகள் விளாங்குடியில் மேற்கத்திய இசை படிக்கிறாள். அவள் ஊதுவது ரிக்கார்டர், நாயனம் போல நேராகப் பிடிக்கிற மரக்குழல். அவளுடைய மாஸ்டர் வாசிப்பது குறுக்கே பிடிக்கிற வெள்ளிக் குழல். ஐரோப்பாவின் பழைய பரோக் இசைக்கு மதுரையில் தன்னை விட்டால் ஆளில்லை என்பார். அந்தக் காலத்தில் குறுக்குக் குழலும் மரத்தில்தான் செய்தார்களாம், மகள் சொன்னாள். இவர் வெள்ளியை ஊதிக்கொண்டு பழமை பேசுகிறார்.

ஆண்டு விழாவுக்கு இரண்டு குழலும் மாறி மாறிப் பேசுகிற ஒரு உருப்படி. ஒத்திகைக்கு மைக் வைத்தது நான்தான். மாஸ்டர் ஊதினால் மண்டபம் நிறைந்தது. மகள் ஊதியது முன்வரிசைக்கே எட்டவில்லை.

"பலமா ஊதும்மா. காலைல சாப்பிட்டியா இல்லையா?" என்றார் மாஸ்டர். வந்திருந்த பெற்றோர்கள் சிரித்தார்கள். அவர்களுக்கு எந்தக் குழல் எது என்றே தெரியாது.

பலமாக ஊதினாள். சுருதி மேலே ஏறிவிட்டது. குறுக்குக் குழலில் உதட்டைத் திருப்பிச் சமாளிக்கலாம். ரிக்கார்டரில் காற்றுக்கு வழி செதுக்கியே வைத்திருக்கிறது; மூச்சைக் கூட்டினால் சுருதி போச்சு. தினமும் வீட்டில் கேட்கிற எனக்கே தெரிகிறது. சுவர் நிறையப் பட்டத்தை மாட்டியிருக்கிறவருக்குத் தெரியவில்லை.

"இதுக்குத்தான் அந்தக் காலத்துலயே ரிக்கார்டரை ஓரங்கட்டுனாங்க. பிள்ளைங்க விளையாட்டுச் சாமான். உன் பாகத்தையும் நானே வாசிச்சிர்றேன்."

மகள் குழலைத் துடைத்தாள். ஆறு மாதம் பழகிய பாகம்.

மைக்கை எடுக்க மேடை ஏறினேன். அங்கேதான் என் லட்சணம் தெரிந்தது. கல்யாண மண்டபங்களில் நாயனத்தின் விரிந்த அடிவாய்க்கு மைக் வைத்துப் பழகிய கை, இதற்கும் அடிமுனையில் வைத்திருந்தது. ரிக்கார்டரில் சத்தம் பிறப்பது உதட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கிற வெட்டில். மைக்கை அங்கே உயர்த்தினேன். வழக்கம்போலப் போட்டிருந்த எக்கோவையும் நிறுத்தினேன்.

"வீட்ல ஊதுற மாதிரி ஊது தாயி."

ஊதினாள். பின்னால் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர், "அண்ணே, இம்புட்டு நேரம் எங்கண்ணே போச்சு இந்தச் சத்தம்?" என்றார்.

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான் சொன்ன மாதிரி ஊதுன, சரியா வந்துருச்சு பாத்தியா."

விழாவில் அவள் பாகத்தை அவளே வாசித்தாள். பாதியில் மாஸ்டர் அவளை அமுக்குகிற மாதிரி உரக்க ஊத ஆரம்பித்தார். அவருடைய மைக்கின் வால்யூம் குமிழை நான் கொஞ்சம் இறக்கி வைத்தேன்.