கழுத்தில் தொங்கிய டேப்

கர்ப்பம் என்று தெரிந்ததும் மாமியார் ஒரே ஒரு தடவை சொன்னார்: "கழுத்துல அளவு டேப்பைப் போட்டுக்கிட்டு தைக்காதம்மா. பிள்ளைக்கு ஆகாது." சட்டைக் காலர் தைக்கிறவளுக்கு டேப் கழுத்தில் கிடக்காமல் வேறெங்கே கிடக்கும்? சிரித்துவிட்டு அவள் தையல் மிஷினை மிதித்தாள்.

இன்று ஸ்கேன் அறையில் டாக்டர் பேச்சை நிறுத்தித் திரையையே பார்த்தபோது அவளும் தலையைத் திருப்பித் திரையைப் பார்த்தாள்.

"குழந்தையோட கழுத்துக்குப் பின்னால நீர் கோத்திருக்கும்மா. நிணநீர்னு ஒண்ணு உடம்பெல்லாம் ஓடி ரத்தத்துல போய்ச் சேரணும். அந்த வழி சரியா திறக்கலேன்னா இப்படிப் பை பையா தேங்கிடும். பல சமயம் குரோமோசோம் கோளாறா இருக்கும், சில சமயம் காரணமே தெரியாது. பனிக்குட நீரை ஊசியில எடுத்துப் பார்த்தா கொஞ்சம் தெளிவாகும்."

இத்தனையிலும் அவள் காதில் தங்கியது கழுத்து ஒன்றுதான்.

"டேப்பு போட்டதாலயா, டாக்டர்?"

"எந்த டேப்பு?" கதையைக் கேட்டதும் டாக்டர் தன் ஸ்டெதாஸ்கோப்பைத் தொட்டுக் காட்டினார். "இதை மாட்டிக்கிட்டேதான் நான் ரெண்டு பிள்ளை பெத்தேன். யாரும் எதுவும் செஞ்சு வர்றதில்லம்மா இது."

மாமியார் அறை வாசலிலேயே காத்து நின்றார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டார். "என் கருநாக்குதான். அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்."

"இல்ல, அத்த. யாரும் எதுவும் செஞ்சு வர்றதில்ல இது." டாக்டர் சொன்னதை ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தாள். மாமியாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

சொன்னவளின் கை மட்டும் டேப் இல்லாத கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தது.