இடது புருவத்துத் தழும்பு

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நின்றுபோன எங்கள் விண்வெளித் தொடரை மறுபடியும் எடுக்கப்போகிறார்கள் என்று போன் வந்தபோது, நான் கேட்ட முதல் கேள்வி, "நோட்டக்கா வர்றாங்களா?" என்பதுதான். பேசியவர் புரொடக்‌ஷன் மேனேஜர். தும்முவதைக்கூட அவசரமாகத் தும்முகிற மனிதர் என்பதால் செட்டில் அவருக்கு அர்ஜென்ட் சார் என்று பெயர். "வர்றாங்கம்மா. ஆனா தினமும் இல்ல," என்றார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது.

நான் மேக்கப் போடுகிறவள். நோட்டக்கா தொடர்ச்சி பார்க்கிறவர். ஒரு காட்சியில் பாதியை இன்றைக்கு எடுப்பார்கள், மீதியைப் பத்து நாள் கழித்து எடுப்பார்கள். முதல் பாதியில் டம்ளரில் எவ்வளவு தண்ணீர் இருந்தது, மேல் பொத்தான் போட்டிருந்ததா, முடி காதுக்கு முன்னாலா பின்னாலா என்று எழுதிவைத்து, பத்து நாள் கழித்தும் அதே மாதிரி இருக்க வைப்பது அவர் வேலை. சரியாகச் செய்தால் ஒருவருக்கும் தெரியாது. கொஞ்சம் பிசகினால் ஊரே சிரிக்கும். இப்படிப்பட்ட வேலையை இருபத்தாறு வருடம் பார்க்கிற மனுஷிக்குக் கோபம் மூக்குக்கு மேலேதான் இருக்கும். அக்காவுக்கும் அங்கேதான் இருந்தது.

நீளமான கோடு போட்ட நோட்டு, நீல மைப் பேனா. எழுதியதை அவர் அழித்து நான் பார்த்ததில்லை. தப்பாக எழுதிவிட்டால் அதன் மேல் ஒரே ஒரு கோடு, பக்கத்தில் கையெழுத்து, அவ்வளவுதான். அடித்தது என்ன என்று படிக்க முடிய வேண்டும். "தப்ப மறைச்சுட்டா அடுத்த தப்பு எங்கிருந்து வந்துச்சுன்னே தெரியாது," என்பார்.

வீட்டிலும் அதே கதைதான். கணவர் அவரை விட்டுப் போன பிறகு அக்கா தன் அண்ணன் வீட்டு மாடியில் குடியிருந்தார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை, லீவு கிடைப்பதில்லை என்று அண்ணனும் அண்ணியும் ஒரு கதை ஜோடித்து வைத்திருந்தார்கள். அண்ணனின் முதலாளி குடும்பத்தோடு சாப்பிட வந்த அன்று அண்ணி அந்தக் கதையை அவிழ்த்துவிட, பரிமாறிக்கொண்டிருந்த அக்கா, "வெளிநாடெல்லாம் இல்லீங்க. ரெண்டு தெரு தள்ளி இன்னொருத்தியோட இருக்காரு. இன்னும் கொஞ்சம் சோறு வைக்கட்டுமா?" என்றாராம். அண்ணி ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. முதலாளி மட்டும் இரண்டு தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டாராம்.

புதுத் தொடரின் முதல் நாள் ரைட்டர் எல்லாரையும் உட்கார வைத்துக் கதை சொன்னார். எங்கள் கதாநாயகி ஒரு விண்கலத்தின் கேப்டன். பழைய தொடரில் ஒரு இரும்புத் தகடு விழுந்து அவளுடைய இடது புருவத்தில் தழும்பு. இப்போது இன்னொரு உலகம் வருகிறது. அங்கேயும் அவளே கேப்டன், அதே உடை, அதே கொண்டை. ஆனால் அந்த உலகத்தில் தகடு மறுபக்கத்திலிருந்து விழுந்ததால் தழும்பு வலது புருவத்தில். வேறு வித்தியாசமே கிடையாது. தழும்பைப் பார்த்துத்தான் இது எந்த உலகத்துக் கேப்டன் என்று ஜனங்கள் கண்டுபிடிக்க வேண்டும். ரைட்டருக்கு இதில் ரொம்பப் பெருமை.

"அப்ப ஒரு கவலை விட்டுச்சு," என்றார் அர்ஜென்ட். "ஏதாவது மாறிப்போனா அது மூணாவது உலகம்னு சொல்லிட்டாப் போச்சு. நோட்டுக்கு என்ன வேலை?"

எல்லாரும் சிரித்தோம். வெட்கம்தான், நானும் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை. "ஒரு உலகத்துக்கு ஒரு நோட்டுன்னா ரெண்டு உலகத்துக்கு ரெண்டு நோட்டு வேணும் சார். நீங்க கணக்கைத் தலைகீழாப் போடுறீங்க," என்றார். ஆனால் அவரை வாரத்தில் மூன்று நாள் வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். மற்ற நாட்களுக்குப் போனில் எடுத்த போட்டோ இருக்கிறதாம். முதல் கட்டப் படப்பிடிப்பு முடிந்ததும் அக்கா வேண்டுமா வேண்டாமா என்று பார்க்கலாம் என்பதை அக்காவை வைத்துக்கொண்டே பேசினார்கள். அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினார்.

பன்னிரண்டாம் நாள் அக்காவின் நாள் இல்லை. அன்றைக்குத்தான் பெரிய காட்சி. என்ஜின் அறை தீப்பிடிக்கிறது. நம் கேப்டன், அதாவது பழைய, இடது புருவத்துக் கேப்டன், உள்ளேயிருந்து கதவைப் பூட்டிக்கொண்டு மற்றவர்களைக் காப்பாற்றிவிட்டுச் சாகிறாள். அறையை நிஜமாகவே கொளுத்துவதாகத் திட்டம். ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

காலையில் அர்ஜென்ட் என் போனுக்கு ஒரு போட்டோ அனுப்பினார். அதில் தழும்பு வலது புருவத்தில் இருந்தது. என் கை பழக்கத்தில் இடது புருவத்துக்குத்தான் போனது. இருநூறு தரம் போட்ட தழும்பு அது. கையை இழுத்துக்கொண்டு, "சார், இன்னிக்கு எந்தக் கேப்டன்?" என்று கேட்டேன்.

"போட்டோல இருக்கிற மாதிரி போடும்மா. தீக்காரங்க வெயிட் பண்றாங்க. அவசரம்!"

கதாநாயகி கண்ணை மூடி வசனத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். டைரக்டருக்கு நெருப்பைப் பற்றிய கவலை. நான் வலது புருவத்தில் தழும்பை ஒட்டினேன். அந்த போட்டோ கதாநாயகி போன வாரம் தன்னைத் தானே எடுத்துக்கொண்டது, அவர் போன் கண்ணாடி மாதிரி இடதை வலதாக்கிக் காட்டுகிற போன் என்பதெல்லாம் என் மரமண்டைக்கு அப்போது உறைக்கவில்லை. சாயங்காலத்துக்குள் என்ஜின் அறை கரிக்கட்டையாகிவிட்டது. எல்லாரும் கைதட்டினோம்.

மறுநாள் காலை அக்கா வந்தார். எடுத்ததைப் போட்டுக் காட்டச் சொன்னார். கால்வாசி ஓடியதும், "நிறுத்துங்க," என்றார். "செத்தது யாரு?"

"கேப்டன்," என்றார் டைரக்டர்.

"எந்தக் கேப்டன்?"

டைரக்டர் திரைக்குப் பக்கத்தில் போய்ப் புருவத்தைப் பார்த்தார். படத்தைத் திருப்பிப் போட்டுவிடலாமே என்றார் ஒருவர். திருப்பினால் பின்னால் கதவில் இருக்கிற எண்ணெல்லாம் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திரும்பிவிடும் என்று எடிட்டர் கையை விரித்தார்.

அர்ஜென்ட்டுக்கு மட்டும் உடனே வழி தெரிந்துவிட்டது. மூன்று மணிக்குச் சேனலிலிருந்து ஒரு அம்மா வருகிறார். பழைய கதையில் கை வைக்கக்கூடாது என்பது சேனல் போட்ட நிபந்தனை. பழைய கதையில் என்ன இருந்தது என்பதற்குச் சாட்சி அக்காவின் பழைய நோட்டு. "அதுல இடதுன்னு இருக்கிறத வலதுன்னு ஆக்குங்க நோட்டக்கா. ஒரே ஒரு வார்த்தை," என்று ஒரு பேனாவை நீட்டினார்.

"பழைய எபிசோடு எல்லார் வீட்டுலயும் ஓடியிருக்கே சார்."

"ஒன்பது வருஷத்துக்கு முந்தினத யாரு தேடிப் பாக்கப் போறா? பாத்தாலும், காலமே மாறிப்போச்சு, அதனால தழும்பும் இடம் மாறிடுச்சுன்னு ஒரு வசனம் வச்சுக்கலாம்." குரலைத் தாழ்த்தினார். "மாத்துங்க, சீசன் முழுக்க உங்களுக்கு வேலை உண்டு. தினமும். நான் பொறுப்பு. முடியாதுன்னா நாளைலருந்து வராதீங்க."

மத்தியானம் அக்கா மேக்கப் அறையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கதவைச் சாத்திவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தேன். அடுத்து நான் சொன்னதை எழுத எனக்கே கூசுகிறது. "அக்கா, மாத்திடுங்கக்கா. இல்லேன்னா என் தலைதான் உருளும். உங்களுக்கும் நல்லதுதானே?"

அவர் கை நின்றது. "முதல்ல உன் கை எங்க போச்சு?"

"இடது பக்கம்தான்."

"அப்புறம்?"

"போட்டோவப் பாத்து இழுத்துட்டேன்."

"உன் கை தப்புப் பண்ணல. நீதான் அத நம்பல," என்றார். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடினார். "இருபத்தாறு வருஷம் நான் இங்க என்ன செஞ்சேன்னு கேட்டா, காட்டுறதுக்கு என்கிட்ட அந்த நோட்டுங்க மட்டும்தான் இருக்கு. அதுல ஒரு பொய் எழுதினா மிச்சத்த எவன் நம்புவான்? நானே நம்ப மாட்டேன்." அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதுவரை நான் அதைப் பார்த்ததில்லை. பயத்தோடு வெறுப்பும் வந்தது, என் மேல்தான்.

மூன்று மணிக்குச் சேனல் அம்மா வந்து காட்சியைப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிறகு நெற்றியைச் சுருக்கி, "தழும்பு எப்பவும் இந்தப் பக்கம்தானா?" என்றார்.

"எப்பவும் இதே பக்கம்தாம்மா! நோட்டுலயே இருக்கு," என்று அர்ஜென்ட் பாய்ந்தார். எல்லார் கண்ணும் அக்கா மேல் திரும்பியது. பழைய நோட்டு அவர் மடியில் இருந்தது. அர்ஜென்ட் நீட்டிய பேனா காலையிலிருந்து அதற்குள்ளேயே இருந்தது.

அக்கா எழுந்து நின்று படித்தார். "முதல் சீசன், நாலாவது எபிசோடு. கேப்டனுக்குத் தழும்பு. இடது புருவம். நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, ஒரு விரல் நகம் நீளம்." நோட்டை மூடினார். "நேத்து போட்டது வலது. தப்பு."

அர்ஜென்ட் முகத்தில் ஈயாடவில்லை. சேனல் அம்மா, "யாரோட தப்பு?" என்றார்.

அக்கா புது நோட்டை எடுத்து, நேற்றைய பக்கத்தைத் திறந்து எழுதிக்கொண்டே பேசினார். "முதல்ல என்னோடது. மூணு நாள் போதும்னு இவங்க சொன்னப்ப சண்டை போட்டிருக்கணும். தலையாட்டிட்டு வீட்டுக்குப் போனேன்." கையெழுத்துப் போட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்காமல் நோட்டை என் மடியில் வைத்தார். 'போட்டது நான்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். டைரக்டர் தானே கையை நீட்டி நோட்டை வாங்கி, 'கவனிக்காதது நான்' என்று போட்டார். அர்ஜென்ட்டுக்கு அந்த நேரம் பார்த்து ஒரு போன் வந்துவிட்டது.

"அப்ப என் கதை போச்சா?" ரைட்டர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எடுத்தத மாத்த முடியாது. இனிமே எழுதப் போறது உங்க கையிலதானே இருக்கு?" என்றார் அக்கா. "செத்தது அந்த உலகத்துக்காரி. நம்ம ஆளு உயிரோட இருக்கா. அவ எதுக்காக இங்க வந்து, இவளுக்குப் பதிலாச் செத்தா? அத எழுதுங்க."

ரைட்டர் யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் பேப்பர் தேடி ஓடினார். சேனல் அம்மா, "இது அதைவிட நல்லாருக்கே," என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

கார் மறைந்ததும் அர்ஜென்ட் அக்காவிடம் வந்தார். "ரொம்ப சந்தோஷம். நாளைக்கு கேட் லிஸ்ட்ல உங்க பேர் இருக்காது."

"நாளைக்கும் வருவேன். நாளன்னிக்கும் வருவேன்," என்றார் அக்கா.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போனபோது அவர் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். கையில் இரண்டு புது நோட்டு. ஒன்றுக்குப் பச்சை அட்டை, ஒன்றுக்குச் சிவப்பு அட்டை.

"லிஸ்ட்ல பேர் இல்லீங்கம்மா," என்றார் வாட்ச்மேன், பாவமாக.

"அப்ப லிஸ்ட் தப்பு. மேல ஒரு கோடு போட்டுப் பக்கத்துல கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

என் பேர் லிஸ்ட்டில் இருந்தது. நான் உள்ளே போனேன். அவர் என்னைத் தடுக்கவில்லை, கூப்பிடவும் இல்லை. மேக்கப் அறையில் கதாநாயகி உட்கார்ந்திருந்தார். முகத்தை முடித்தேன். தழும்பு மட்டும்தான் பாக்கி. பசையைக் கையில் எடுத்தேன். பிறகு மூடியைத் திருகி மூடி, பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டேன்.

பத்து நிமிடத்தில் அர்ஜென்ட் வந்தார். "என்னம்மா உக்காந்துட்ட? லைட்டெல்லாம் போட்டாச்சு. அவசரம்!"

"தழும்பு எந்தப் பக்கம் சார்?"

"இடதும்மா! இப்ப ஊருக்கே தெரியும்!"

"முந்தாநாள் நீங்க அனுப்பினதுல வலதுன்னு இருந்துச்சு. நோட்டக்கா வந்து சொன்னாத்தான் நான் போடுவேன்."

"உன் வேலை போயிடும்."

"போகட்டும் சார். அதையும் நோட்டுல எழுதிக்கலாம்." என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. கதாநாயகி கண்ணைத் திறக்காமலே, "நானும் இங்கயே உக்காந்திருக்கேன்," என்றார்.

அரை மணி நேரம் ஆனது. டைரக்டர் வந்து எட்டிப் பார்த்தார். தழும்பில்லாத புருவத்தையும் மூடிக் கிடந்த என் பெட்டியையும் பார்த்தார். அர்ஜென்ட் ஏதோ சொல்ல ஆரம்பித்தார். அவர் முடிக்கும்வரை நிற்காமல் டைரக்டர் நேராக கேட்டுக்கு நடந்தார்.

அக்கா உள்ளே வந்தபோது எனக்கு ஒரு நன்றியும் சொல்லவில்லை. வழக்கம்போல் முகம் கடுகடுவென்றுதான் இருந்தது. அவருடைய நாற்காலியை எங்கேயோ தூக்கிப் போட்டுவிட்டிருந்தார்கள். ஒரு மரப்பெட்டியைக் காலால் இழுத்துப்போட்டு உட்கார்ந்து, பச்சை நோட்டைப் பிரித்து, முதல் பக்கத்தில் தேதி எழுதினார்.

"நம்ம உலகம். நம்ம கேப்டன்," என்றார். "இடது."

என் கை ஏற்கனவே அங்கேதான் இருந்தது.