படைக்குப் பிந்தியவர்

2023 நவம்பர் 11: 39–62.
டிசம்பர் 2: 44–71.
2024 ஜனவரி 20: 31–58.
பெப்ரவரி 17: 42–45.

நான்கும் தோல்விகள். முதல் மூன்றின்போதும் டக்ளஸ் இரு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார். தன் பெடியன்களில் ஒருவன் தவறிப்போய் ஒரு கூடை போட்டால் கை தன்னையறியாமல் தட்டிவிடும். தட்டினால் அவர்களுக்கு உற்சாகம் வந்துவிடும். அதற்குத்தான் அந்தக் காவல். நான்காவது ஆட்டத்தில் மட்டும் அவருக்கு வியர்த்துக் கொட்டியது. “மயிரிழையில தப்பினம். கொஞ்சம் அசந்திருந்தா வெண்டிருப்பம்” என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார்.

டக்ளசுக்கு வயது அறுபத்திரண்டு. கார்ல்ஸ்ரூஹேயில் ஒரு பாடசாலையின் ஹவுஸ்மைஸ்டர். கதவு, குழாய், விளக்கு, வெப்பமூட்டி எல்லாம் அவர் பொறுப்பு. அந்தப் பாடசாலையின் விளையாட்டு மண்டபத்தில்தான் ஊர்த் தமிழரின் கூடைப்பந்து அணி ஆடுகிறது. அதன் பயிற்றுநரும் அவரே. மண்டபத்தின் பழைய விளக்குகள் போட்டவுடன் எரிவதில்லை. ஊதா நிறத்தில் கண்விழித்து, சோம்பல் முறித்து, வெள்ளைக்கு வரச் சில நிமிடங்கள் எடுக்கும். அந்த அரையிருட்டில் அவர் தனியே நின்று வளையத்தை அண்ணாந்து பார்ப்பார். வெளியே ரைன் சமவெளியின் பனிமூட்டம் கண்ணாடியில் கன்னம் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருக்கும். யாராவது கூப்பிட்டால் அவருக்கு உடனே கேட்பதில்லை.

எதிலும் பிந்தி நிற்பது அவர் பழக்கம். கடையில் ஆகவும் நீண்ட வரிசையைத் தேடி அதன் வாலில் போய் நிற்பார். வரும் டிராமை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பார். 1985இல் மன்னாரிலிருந்து வந்து கிழக்கு யேர்மனியின் ஷோனெஃபெல்ட் விமானநிலையத்தில் இறங்கி மேற்குப் பக்கம் சேர்ந்த முதல் நாள், பதிவு வரிசையில் குடும்பக்காரரையெல்லாம் முன்னுக்கு விட்டுவிட்டுக் கடைசியாக நின்றவர் அவர். முன்னே நின்றவர்கள் கையாலும் கண்ணாலும் பேசித் தவித்தார்கள். இவருடைய முறை வந்தபோது தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்து சேர்ந்துவிட்டார். அன்று பிடித்த பாடம். பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்று ஊரில் சொல்வதை அவர் ஒரு திருகு திருகி வைத்திருக்கிறார்: “படைக்குப் பிந்தினவன்தான் பந்திக்கு முந்தலாம்.”

இந்த வாக்கியம் சட்டமாகவே அமைந்துபோனது அவர் செய்த புண்ணியம். தெற்கு யேர்மனியின் ஆறு தமிழ் அணிகள் மாரிகாலத்தில் ஒரு சுற்றுப்போட்டி ஆடுகின்றன. ஒவ்வோர் அணிக்கும் ஐந்து ஆட்டம். புதிதாக வந்து சேரும் விளையாட்டுக்காரர்களைப் பெரிய அணிகளே அள்ளிக்கொண்டு போகின்றன என்று சண்டை வந்ததால், ஒரு விதி போட்டார்கள். புதியவர் முதல் மாரியில் ஆட முடியாது. வசந்தத்தில், ஆறாம் இடத்தில் நின்ற அணி முதலில் தெரிவு செய்யும். அதன்பின் ஐந்தாவது, நான்காவது என்று மேலே போகும். எங்கே குடியிருந்தாலும் தெரிந்தெடுத்த அணிக்குத்தான் ஆட வேண்டும். டக்ளசின் அணி வருடந்தோறும் நான்காம் இடம். “நாலாம் இடம் எண்டா என்ன? கிண்ணமும் இல்லை, கிடைக்கிற பெடியனும் இல்லை. நடுச்சாமத்தில ஸ்டேசனில இறக்கிவிட்ட மாதிரி.”

2023 இலையுதிர் காலத்தில் அவர் பாரத்தைக் கண்டார். தமிழ்க் கடையில், முதலாளி ஏணி வைத்து எடுக்கும் மேல்தட்டிலிருந்து, ஒருவன் குதிகாலை உயர்த்தாமலே அப்பளப் பெட்டியை எடுத்தான். ஆஜானுபாகு என்று கதைகளில் வருமே, அந்தக் கை.

“தம்பி, கூடைப்பந்து விளையாடுவீரோ?”

“ஸ்டேட் லெவல் ஆடியிருக்கேன் அங்கிள். திண்டுக்கல். இங்க மாஸ்டர்ஸ் பண்ண வந்திருக்கேன்.”

அதன்பின் ஒரு கிழமை டக்ளஸ் நிலத்தில் நடக்கவில்லை. குழாய் திருத்தப் போன இடத்தில் குழாயைப் பிடித்தபடி நின்றார். கண்ணுக்குள் பாரத் எழும்பினான், பந்து அவன் விரல் நுனியிலிருந்து வளையத்துக்குள் சத்தமில்லாமல் இறங்கியது, மறுபடி எழும்பினான். இந்த மாரியில் ஆறாம் இடம் வந்தால் அடுத்த மாரியில் அவன் நமக்கு. கணக்கு அவ்வளவுதான்.

கணக்கில் ஒரு முள் இருந்தது. அணித் தலைவன் சஞ்சயனுக்கு நாற்பத்திரண்டு வயது. முதியோர் இல்லத்தில் பராமரிப்பு வேலை. தூக்கித் தூக்கி வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. இன்னும் இரண்டு மாரி ஆடலாம், பிறகு சத்திரசிகிச்சை, அதோடு பந்து சரி என்று வைத்தியர் சொல்லியிருந்தார். அந்த இரண்டில் ஒன்றை டக்ளஸ் கேட்டார்.

“அமெரிக்காவில உப்பிடித் தோத்துத் தோத்தே பெரிய ஆளைப் பிடிச்சு, பிறகு கிண்ணம் எடுத்த அணியள் இருக்கு, சஞ்சயன்.”

“தோத்துத் தோத்து அப்பிடியே கிடக்கிற அணியளும் இருக்கு, அண்ணை.”

“அவைக்கு விட்டுப் பிடிக்கத் தெரியேல்லை.”

சஞ்சயன் கொஞ்சநேரம் முழங்காலைத் தடவினான். “சரி. ஒண்டைத் தாறன். மற்றது எனக்கு வேணும். ஒரு நாளாவது நிண்டு வெண்டு பார்க்கோணும்” என்றான். அந்த மாரி முழுவதும் சட்டைமேல் குளிர்க்கோட்டைப் போட்டுக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தான். ஆட வேண்டியவர்களை டக்ளஸ் உட்கார்த்தி வைத்தார். உட்கார வேண்டியவர்களை ஆட விட்டார். அதற்குமேல் சூது எதுவும் தேவைப்படவில்லை.

வீட்டில் மனைவி எவ்லின் மட்டும் நம்பவில்லை. “இஞ்சேருங்கோ, பந்திக்கு முந்தப்போறன் எண்டு வாசலிலயே நிண்டு, கடைசியில சட்டி பானையும் கழுவி வைச்சிடப்போகினம்.”

2024 மார்ச் 16. கடைசி ஆட்டம், எர்லாங்கன் அணியுடன். அவர்களும் அதுவரை நான்கிலும் தோற்றிருந்தார்கள். தமிழ்நாட்டுப் பொறியியலாளர்கள், தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்க் கால் இரும்பாகிப்போனவர்கள். நான்கிலும் தோற்க அவர்களுக்கு ஒரு நியாயமும் இல்லை. அவர்களின் பயிற்றுநர் ரகுநாதன் மண்டபத்துக்குள் வந்ததும் முதலில் பார்த்தது மூன்றாம் வரிசையில் பற்றிஸ் பலகாரத் தட்டோடு இருந்த பாரத்தை. அதைக் கண்ட டக்ளஸ் எழும்பிப் போய்க் கைகொடுத்தார்.

“என்ன சார், இன்னைக்கு ஃபுல் டீம் இறக்குறீங்களா?”

“ஓம், ஓம். உங்கட கப்டன் எங்கை?”

“அவனுக்கு ஃபீவர் சார்.” காய்ச்சல்காரர் வாசலில் நின்று இரண்டாவது றோலைத் தின்றுகொண்டிருந்தார். “உங்க சஞ்சயன் ஆடலையா?”

“முழங்கால். ஏலாது.”

பாம்பின் கால் பாம்பறியும். இருவரும் சிரித்துக்கொண்டார்கள்.

அப்படி ஓர் ஆட்டம் அந்த மண்டபத்தில் அதற்குமுன் நடந்ததில்லை. இந்தச் சுற்றில், இத்தனை விநாடிக்குள் எறிய வேண்டும் என்று எண்ணும் மணி கிடையாது. ஆகவே பந்துக்கு அவசரம் இல்லை. அது கைக்குக் கை உறக்கத்தில் நடப்பதுபோல் நடந்தது. எறிந்தவை வளையத்தை எட்டாமல் பாதி வழியில் மனம் மாறின. ஒருமுறை பந்து நடுக்கோட்டில் தானாக உருண்டு வந்து நின்றுவிட்டது. இரு பக்கத்திலிருந்தும் இருவர் வந்து அதன் முன் நின்றார்கள்.

“எடுங்க சார்.”

“பரவாயில்லை, நீங்க எடுங்கோ.”

“ஐயோ, உங்க ஊர், உங்க ஹால். நீங்கதான் எடுக்கணும்.”

“விருந்தாளியள் இருக்கேக்கை நாங்கள் எடுக்கிறதோ?”

தட்டில் மிஞ்சிய கடைசி வடையின் முன் நிற்பவர்களைப்போல் நின்றார்கள். மத்தியஸ்தர் ஊதலை வாயில் வைத்தார். எதற்கு ஊதுவது என்று தெரியாமல் எடுத்தார். தேநீர் ஊற்றிய பெண்கள் ஊற்றுவதை நிறுத்தினார்கள். விளக்குகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. கண்ணாடிக்கு வெளியே மூட்டம் அசையவில்லை. டக்ளசுக்கு எல்லாம் தண்ணீருக்கடியில் நடப்பதுபோல் இருந்தது, அழகாகவும் இருந்தது. பக்கத்தில் இருந்த யாரோ பாரத்தின் காதில் விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். அவன் பற்றிசைத் தட்டில் திருப்பி வைத்துவிட்டான்.

29–29 என்று நின்றபோது ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. எர்லாங்கன்காரர் ஒருவர், பந்து கையிலிருந்து தொலைந்தால் போதும் என்று, பாதி மண்டபத்துக்கு அப்பாலிருந்து கண்ணை மூடிக்கொண்டு வீசினார். அது பலகையைத் தொடாமல், வளையத்தையும் தொடாமல், வலைக்குள் விழுந்தது. ரகுநாதன் தலையில் கை வைத்தார். 29–32.

டக்ளசின் அணியில் ஒருவன் தவறுகள் நிறைந்து வெளியேற்றப்பட, நல்ல ஆட்டக்காரரை அன்று வீட்டிலேயே விட்டு வந்ததால் வேறு ஆளில்லாமல் சஞ்சயன் கோட்டைக் கழற்றிவிட்டு இறங்கினான். பந்து அவனிடம் வந்தது. எர்லாங்கன்காரர் ஐவரும் தேருக்கு வழிவிடுவதுபோல் இரு பக்கமும் ஒதுங்கினார்கள். “போடுங்க சஞ்சயன், போடுங்க! மூணு பாயின்ட்டு, அங்கிருந்தே போடுங்க!” அந்த இடத்திலிருந்து அவன் தவறவிட்டதை யாரும் கண்டதில்லை. அவன் டக்ளசைத் திரும்பிப் பார்த்தான். டக்ளஸ் தரையைப் பார்த்தார். சஞ்சயன் குனிந்து, பந்தைத் தொட்டிலில் பிள்ளையை விடுவதுபோல் எல்லைக்கோட்டின்மேல் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டு வெளியே நடந்தான்.

ஆறாம் இடம். முதல் தெரிவு. பாரத்.

“எனக்காகவா அங்கிள் இப்படித் தோத்தீங்க?” என்று அவன் கேட்டான். “ரெண்டு தெரு தள்ளித்தான இருக்கேன். ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா வந்திருப்பேனே.”

“சட்டம் எண்டு ஒண்டு இருக்கெல்லோ தம்பி.”

அடுத்த மாரி வந்தது. பாரத் எழும்பினான், கண்ணுக்குள் எழும்பியபடியே எழும்பினான். ஆனால் ஒரு கூடைப்பந்து அணிக்கு ஐந்து பேர். முந்திய மாரியில் எறியும் கையைப் பாதியில் அடக்கப் பழகியவர்களுக்கு அந்தக் கை மறுபடி முழுதாக நீளவில்லை. நாலு புள்ளி முன்னுக்கு வந்தால் போதும், நால்வரின் கால்களும் ஒருமிக்க மெதுவாகும். பந்தை ஒருவருக்கொருவர் மரியாதையாக நீட்டுவார்கள்.

“கோச், நாமதான லீடிங்? ஏன் எல்லாரும் ஸ்லோ ஆகுறாங்க?”

டக்ளஸ் பயிற்சி நாட்களில் தொண்டை கட்டும்வரை கத்தினார்: “எறியுங்கோடா! முழுசா எறியுங்கோ!” நான்கு ஆட்டங்களில் ஒன்றை வென்றார்கள். சஞ்சயனின் முழங்கால் வீங்கியது. பாதி ஆட்டங்களில் பத்து நிமிடத்துக்குமேல் அவனால் நிற்க முடியவில்லை.

2025 மார்ச் 15, ஸ்டுட்கார்ட் அணியுடன் கடைசி ஆட்டம். புள்ளிப் பட்டியல் வேடிக்கையாக வந்து நின்றது: வென்றால் நான்காம் இடம், தோற்றால் ஆறாம் இடம். மூன்றாம் வரிசையில் இன்னொரு புதிய மாணவன் உட்கார்ந்திருந்தான். உட்கார்ந்திருந்தபோதே பின்வரிசைக்காரர்களுக்கு ஆட்டம் தெரியவில்லை. பாரத்தும் இவனும் ஒன்றாக எழும்பினால்! டக்ளசின் கண் அங்கேயே போய்ப் போய் ஒட்டியது. மண்டபம் அவருக்கு மெல்லத் தூரமானது. இரண்டு பந்துகள் இரண்டு வளையங்களில் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தன.

“அண்ணை.”

இரண்டாம் முறை கூப்பிட்டபோதுதான் கேட்டது. 51–52. அரை நிமிடம் மிச்சம். அவரே ஆட்டத்தை நிறுத்தி நேரம் கேட்டிருந்தார், எதற்கென்று மறந்துவிட்டார். பெடியன்கள் சுற்றி நின்று அவர் வாயைப் பார்த்தார்கள். சஞ்சயன் ஓரத்தில் முழங்காலில் பனிக்கட்டிப் பையோடு இருந்தான். அவன்தான் கூப்பிட்டவன்.

“என்ன செய்வம் அண்ணை? விடுவமோ?”

கேலி இல்லை. உண்மையாகவே கேட்டான். சொன்னால் இதையும் கொடுத்துவிடுவான் என்று டக்ளசுக்குத் தெரிந்தது.

“முழங்கால் எப்பிடி?”

“கிடக்குது.”

“எழும்புவியோ?”

“எழும்புவன்.”

“அப்ப போ. தம்பி பாரத், பந்து சஞ்சயனுக்கு. வேற ஆருக்கும் இல்லை.”

பாரத் இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துக்கொண்டு, தலைக்குமேலால் பந்தைப் பின்னுக்கு அனுப்பினான். சஞ்சயன் ஒற்றைக் காலில் எடையைத் தாங்கி எறிந்தான். பந்து வளையத்தில் ஒருதரம் சுற்றியது, யோசித்தது, உள்ளே விழுந்தது. 53–52. மணி அடித்தபோது நான்கு பேர் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பாரத் தூக்கியதில் அவன் தலை வலையில் சிக்கிக்கொண்டது.

“நாலாம் இடத்துக்கோ இவ்வளவு கூத்து?” என்று கேட்டபடி எவ்லின் கண்ணைத் துடைத்தார்.

தெரிவு வரிசையைச் சுற்றுப்போட்டிச் செயலாளர் இன்னும் தபாலில்தான் அனுப்புகிறார்; வாட்ஸ்அப்பில் போட்டால் சண்டை வருமாம். கார்ல்ஸ்ரூஹேக்கு மூன்றாவது தெரிவு. நெட்டை மாணவன் வேறு ஊருக்கு. டக்ளஸ் அதை மண்டபத்தில் நின்று ஒருமுறை வாசித்தார். சஞ்சயன் காலை நீட்டி, பயிற்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அசையும்போதெல்லாம், உட்கார்ந்திருந்த மரவாங்கு ஒரு பக்கம் ஆடியது. டக்ளஸ் கடிதத்தை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து, குனிந்து, வாங்கின் குட்டைக் காலுக்கடியில் செருகி, கையால் அசைத்துப் பார்த்தார். அந்தக் கடிதம் வந்தது 2025 மார்ச் 24, திங்கட்கிழமை.